செவ்வாய்க்கிழமை மீன் இல்லை

வெள்ளிக்கிழமை காலையில் ஒருவர் போன் போட்டு, "எட்டு தட்டு வேணும், ஆறு மீன், ரெண்டு கோழி" என்று சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

சாப்பாடு என்றுதான் நினைப்பீர்கள். ஏரிக்கரை ஊரான போர்ட் ஆல்டனில், ரயில் பாதைக்குக் கிழக்கே கறுப்பர்கள் குடியிருக்கும் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். அங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சபைக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தால், பிள்ளை காலேஜுக்குக் கிளம்பினால், அந்த வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமை அடுப்பைப் பற்றவைத்துத் தட்டு விற்பார்கள். மாவில் புரட்டிப் பொரித்த பெர்ச் மீன், சீஸ் போட்ட மக்ரோனி, கோஸ் கலவை, மேலே இரண்டு துண்டு ரொட்டி. எல்லாம் வெள்ளைத் தெர்மோகோல் டப்பாவில்தான் வரும். ஆனாலும் அதற்குப் பெயர் தட்டு.

வெர்லீன் பெட்டிஃபோர்டின் தட்டுக்கு அந்தப் பக்கத்தில் தனி மதிப்பு. அம்மாவின் அடக்கச் செலவுக்காக ஆரம்பித்தவள், செலவு தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. தெரு நிறுத்த விடவில்லை. அவள் பொரிப்பாள். போனை எடுப்பதும் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் தம்பி ரோஸ்கோவின் வேலை.

அந்தப் போனைத்தான் போலீஸ் ஒட்டுக்கேட்டது. காரணம் அவர்களுடைய சித்தி மகன் குவின்டன். டெட்ராய்ட்டிலிருந்து ஹெராயினும் கொக்கெய்னும் கொண்டுவந்து ஏரிக்கரை முழுக்க விற்றவன், எதிர்த்தவர்களை ஆள் வைத்து அடித்தவன். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவனையும் அவனோடு போனில் பேசியவர்களையும் சேர்த்துப் பதினெட்டுப் பேரை ஒரே குற்றப்பத்திரிகையில் கட்டினார்கள். போதைக் கடத்தல் சதி, கும்பல் நடத்திய சதி. பதினெட்டாவது பெயர் ரோஸ்கோ.

விசாரணையில் ஸ்ட்ராட்மன் என்ற துப்பறியும் அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறினார். தன் அனுபவத்தை வைத்துச் சொல்வதாகச் சொன்னார். தட்டு என்றால் ஓர் அவுன்ஸ். மீன் என்றால் ஹெராயின். கோழி என்றால் கொக்கெய்ன். ஜூரி நம்பியது. ரோஸ்கோவுக்கு இருபத்திரண்டு வருஷம் போட்டார்கள்.

அவனுக்காக வாதாடிய வக்கீல் ஊருக்கு வெளியே பெரிய வீட்டுக்காரர். தட்டு என்றால் என்ன என்று அவர் கேட்கவும் இல்லை, ரோஸ்கோ சொல்லவும் இல்லை. அதைப் போய் ஒரு மனுஷனுக்கு விளக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஸ்ட்ராட்மன் பேசும்போது, இப்போது எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு வெர்லீன் அடுப்பை அணைத்துவிட்டாள். தெருவிலும் யாரும் போனில் தட்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவள் நிறுத்தியது தெரியாதவர்கள் மட்டும் எப்போதாவது கூப்பிடுவார்கள்.

"வெர்லீன், அந்த இது இருக்கா?"

"எது?"

"அதான்மா. நீ வழக்கமாக் குடுப்பியே, பொட்டலத்துல, அது."

"அடப் பாவி, இதுக்கு நீ மீன்னே சொல்லியிருக்கலாம். இப்படிப் பேசினா நம்ம ரெண்டு பேரையும் சேத்துல்ல தூக்கிட்டுப் போவான்."

அப்பீலுக்குக் கோர்ட் நியமித்த வக்கீல் பெயர் பிரிட்ஜெட் ஹாலரன். கொலம்பஸில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஆபீஸ். பேசிக்கொண்டிருக்கும்போது கீழே பல் குடையும் சத்தம் கேட்கும். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், முழங்கால் இரண்டும் போய்விட்டது, கைத்தடி வைத்திருந்தார். வெர்லீன் அவரை முதல்முறை பார்க்கப் போனபோது வெறுங்கையோடு போகவில்லை. மேஜையில் இருந்த காகிதங்களை ஒதுக்கி ஒரு வெள்ளை டப்பாவை வைத்தாள்.

"என்ன இது?"

"சாட்சி. தெறந்து பாருங்க. இதுல எங்க ஹெராயின் இருக்குன்னு அந்த ஜட்ஜுங்களையே தேடிப் பாக்கச் சொல்லுங்க."

ஹாலரன் டப்பாவைத் திறந்தார். ஒரு துண்டு மீனைக் கையால் எடுத்துக் கடித்து, கண்ணை மூடி மென்றார்.

"இதை நான் கோர்ட்ல காட்ட முடியாது, மிஸ் பெட்டிஃபோர்ட்."

"ஏன்?"

"அப்பீல் கோர்ட் புது சாட்சி எதையும் பாக்காது. கீழ்க் கோர்ட்ல பேசினதெல்லாம் எழுத்துல இருக்கு. அதுக்குள்ள இருந்துதான் நான் பேசணும். நீங்க கூண்டுல ஏறல. உங்க தெருக்காரங்க யாரும் ஏறல. அங்க யாரும் சொல்லலைன்னா, மேல இருக்கறவங்களுக்கு அது நடக்கவே இல்ல."

"அப்ப உண்மையை எங்கதான் போய்ச் சொல்றது?"

"சொல்ற நேரம் போயிருச்சு. இனிமே தேடணும். அத்தனை நாள் அத்தனை பேர் பேசியிருக்காங்க. யாராவது வாய் தவறியாவது சொல்லியிருப்பாங்க." இன்னொரு துண்டை எடுத்தார். "ஹாட் சாஸ் கொண்டாந்தீங்களா?"

வெர்லீன் கைப்பையிலிருந்து புட்டியை எடுத்துக் கொடுத்தாள். அப்போது அவளுக்கு அந்தம்மாவின் மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் வரவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார் என்று மட்டும் நினைத்தாள்.

ஆனால் அந்தம்மா தேடினார். ஐந்து வாரம் நடந்த விசாரணை, ஒவ்வொருவர் வாயிலிருந்து வந்ததும் அப்படியே தட்டச்சாகி, அலமாரி நிறைய அடுக்கியிருந்தது. தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்தவர்கள் ஐந்து பேர். மற்ற நான்கு பேரின் வக்கீல்களும் தங்கள் ஆள் பெயர் வரும் பக்கங்களைப் படித்தார்கள். ஹாலரன் ரோஸ்கோவின் பெயரே வராத பக்கங்களையும் படித்தார். கென்டக்கி சிறைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய் ரோஸ்கோவையும் பார்த்தார். "அக்கா, அந்தம்மா என்கூட மத்தியானம் பூரா உக்காந்திருந்தாங்க. பழைய வக்கீலு வாட்சைப் பாத்துக்கிட்டேதான் பேசுவாரு" என்று ரோஸ்கோ போனில் சொன்னான்.

ஒரு நாள் சாயங்காலம் ஹாலரன் வெர்லீனைக் கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மிஸ் பெட்டிஃபோர்ட், ஸ்ட்ராட்மன் உங்க கஸ்டமரா?"

"யாரு?"

"அந்த அதிகாரி. தட்டுன்னா அவுன்ஸ்னு சொன்னவர். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி வேற ஒரு வக்கீல் அவரை மடக்கியிருக்கார். நீங்க வேவு பாத்தது வெள்ளிக்கிழமைதான்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்கன்னு. இவர் சொல்றதைப் படிக்கறேன், கேளுங்க. 'நல்லா ஞாபகம் இருக்கு. வண்டியில மடி மேல ஒரு மீன் தட்டு வெச்சுச் சாப்பிட்டுட்டிருந்தேன். சாஸ் கேமரா மேல சிந்திருச்சு. அந்தப் பச்சை வீட்ல ஒரு அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போடுவாங்க.' இதுக்கு அப்புறம் அடைப்புக்குறிக்குள்ள சிரிப்புன்னு போட்டிருக்கு."

வெர்லீன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். அவள் வீடு பச்சை.

"நீலத் தொப்பி போட்ட வெள்ளைக்காரன்," என்றாள். "எப்பப் பாத்தாலும் சாஸ் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கேப்பான். மின்சார ஆபீஸ் ஆளுன்னு நெனச்சேன். பாவம், நாள் பூரா வெயில்ல நிக்கறானேன்னு ஒரு ரொட்டி சேத்தே வெச்சுக் குடுத்தேன் வக்கீலம்மா."

"நல்ல காரியம் பண்ணீங்க," என்றார் ஹாலரன்.

வாதம் கேட்கும் நாளன்று வெர்லீன் விடியும் முன்பே கிளம்பி, அப்பீல் கோர்ட் இருக்கும் சின்சினாட்டிக்கு ஓட்டிப் போனாள். சபைக்குப் போடும் ஊதா உடுப்பும் தொப்பியும் போட்டிருந்தாள். கோர்ட் தாழ்வாரத்தில் ஹாலரன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பிரெஸ்டன் கேல் நின்றிருந்தார். குவின்டனின் வக்கீல். குவின்டன் மிச்சம் வைத்திருந்ததெல்லாம் அவருடைய கோட்டிலும் ஷூவிலும் தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமை போனைப் பத்திக் கேட்டா என்ன சொல்லப் போற, பிரிட்ஜெட்?" என்றார் கேல்.

அந்த ஒரு போனைப் பற்றி வெர்லீனுக்கும் தெரியும். தட்டு கேட்டு வந்த போனெல்லாம் வெள்ளிக்கிழமை வந்தவை. ஒன்றே ஒன்று செவ்வாய்க்கிழமை. அதில் குவின்டன் பேசியிருந்தான். "அவன்கிட்ட சொல்லிரு ரோஸ்கோ, அந்த ரெண்டு தட்டை எடுத்துக்கிட்டுப் பின் வாசல் வழியா வரட்டும்." ரோஸ்கோ "சரி, சொல்றேன்" என்றிருந்தான். அவ்வளவுதான். அதுவும் மீன்தான் என்று ரோஸ்கோ அக்காவிடம் சத்தியம் செய்திருந்தான்.

"கேக்கறப்ப பாத்துக்கலாம்," என்றார் ஹாலரன்.

"பதிவுல தெளிவா இல்லைன்னு சொல்லிரு. அது பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல. நீ ஒப்புக்கிட்டா என் ஆள் தலையில விழும்."

"உன் ஆள் தலையில ஏற்கனவே கூரையே விழுந்து கெடக்கு, பிரெஸ்டன்."

கேல் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். வெர்லீன் குனிந்து, "அவர் சொல்றதும் சரியாத்தானே இருக்கு வக்கீலம்மா. தெளிவா இல்லைன்னு சொல்லிட்டுப் போயிரலாமே" என்றாள்.

ஹாலரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உள்ள போய் உக்காருங்க. முன் வரிசையில வேணாம். உங்க மூஞ்சி எனக்குத் தெரியக் கூடாது."

மூன்று நீதிபதிகள். நடுவில் ஒரு கிழவர், வலது பக்கம் வாயே திறக்காத ஒருவர், இடது பக்கம் ஓர் அம்மாள், கையில் பென்சில். கேல் முதலில் எழுந்து நிறையப் பேசினார். நன்றாகத்தான் பேசினார், கேட்கவே சுகமாக இருந்தது. அடுத்து இன்னும் மூன்று பேர் பேசினார்கள். கடைசியில் ஹாலரனுக்கு மிஞ்சியது ஏழு நிமிஷம். அவர் கைத்தடியை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, பேசும் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு காகிதம் இல்லை.

ஒரு பக்க எண்ணைச் சொன்னார். அந்த இடத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். இருப்பதோ ஏழு நிமிஷம், அதில் சும்மா நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று வெர்லீனுக்குப் பிற்பாடுதான் உறைத்தது. நீதிபதிகள் படித்தார்கள். கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப அதிகாரி மடியில வெச்சுச் சாப்பிட்டது ஓர் அவுன்ஸ் ஹெராயினா, மிஸ் ஹாலரன்?"

"அவர் அகராதிப்படி ஆமா, யுவர் ஆனர். கோஸ் கலவை தனி."

கிழவர் சிரித்தார். எழுத்தர் சிரித்தார். அரசு வக்கீலின் பக்கத்தில் இருந்தவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். வெர்லீன் சிரிக்கவில்லை. கீழ்க் கோர்ட்டில் தம்பி காத்துக்கொண்டிருந்த சிரிப்பு இதுதான், இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறது என்று நினைத்து மூக்கை உறிஞ்சினாள்.

பென்சில் வைத்திருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை வந்த போன்," என்றார். "ரெண்டு தட்டு, பின் வாசல். அதுவும் மீனா?"

வெர்லீன் கைப்பையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். தெளிவா இல்லைன்னு சொல்லுங்க, என்று மனசுக்குள் வேண்டினாள். கேல் தலையைத் தூக்காமல் ஏதோ எழுதுவதுபோல் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இல்ல, யுவர் ஆனர்," என்றார் ஹாலரன். "அது மீன் இல்ல."

அம்மாள் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஒப்புக்கொள்றீங்களா?"

"ஒப்புக்கொள்றேன். பதிவான அத்தனை போன்லயும் சாப்பாடு கேட்டு ஒரு செவ்வாய்க்கிழமைகூட யாரும் கூப்பிடல. அன்னைக்கு அந்த வீட்ல சமையல் கிடையாது. குவின்டன் அந்த வார்த்தையைப் போர்வையாப் போத்திக்கிட்டான். என் கட்சிக்காரர் அதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் தகவலைச் சொன்னார். போதை விஷயத்துக்குப் போனைப் பயன்படுத்தினதுக்காக அவருக்குத் தனியாத் தண்டனை இருக்கு. அதை எதிர்த்து நாங்க ஒரு வரி எழுதல. சதின்னு சொன்ன மத்த ரெண்டைத்தான் எதிர்க்கறோம். அந்த ரெண்டும் நிக்கறது வெள்ளிக்கிழமை மேல. வெள்ளிக்கிழமை பூரா மீன்."

நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹாலரன் நன்றி சொல்லிவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டார்.

அரசு வக்கீல் எழுந்து, ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம் என்று வாதாடினார். எந்தெந்த வெள்ளிக்கிழமை எந்த அர்த்தம் என்று பென்சில் அம்மாள் அவரைக் கேட்டார். அவர் சொன்ன பதில் வெர்லீனின் காதில் ஏறவில்லை. கோபத்தில் காது அடைத்துப் போயிருந்தது.

தாழ்வாரத்தில் ஹாலரனைப் பிடித்தாள்.

"நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தது இதுக்கா? என் தம்பியை நீங்களே காட்டிக் குடுக்கறதைக் கேக்கவா? அந்தக் கோட்டுக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே."

"கொஞ்சம் உக்காருங்க. என்னால நின்னுக்கிட்டுத் திட்டு வாங்க முடியாது."

வெர்லீன் உட்காரவில்லை. ஹாலரன் உட்கார்ந்தார்.

"மிஸ் பெட்டிஃபோர்ட், அதைச் சொல்லச் சொன்னதே ரோஸ்கோதான்."

"என்ன?"

"கென்டக்கியில வெச்சுச் சொன்னான். 'அந்த ஒண்ணு நான் செஞ்சதுதான் வக்கீலம்மா. குவின்டனுக்குப் பயந்துக்கிட்டுச் செஞ்சேன், ஆனா தெரிஞ்சேதான் செஞ்சேன். என்னைக் காப்பாத்தறதுக்காக அதையும் மீன்னு சொல்லாதீங்க. அக்கா மீன் மேல பொய் சொல்ல வேணாம்'னான். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. அந்தப் பென்சில் அம்மா முட்டாள் இல்ல. செவ்வாய்க்கிழமையும் மீன்தான்னு நான் சொல்லியிருந்தா, வெள்ளிக்கிழமை மீனையும் அவங்க துப்பியிருப்பாங்க."

வெர்லீன் அப்போது உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட எல்லாமே மீன்னுதான் சொன்னான்."

"உங்ககிட்ட சொல்றது அவனுக்குக் கஷ்டம். மூணு ஜட்ஜுகிட்ட நான் போய்ச் சொல்றது சுலபம்."

"சின்ன வயசுலயும் இப்படித்தான். கண்ணாடியை ஒடைச்சா பக்கத்து வீட்ல போய் ஒப்புக்குவான். எங்க வீட்ல மூச்சு விட மாட்டான்." தொப்பியின் ஓரத்தை நீவிக்கொண்டே, "முழங்காலுக்கு ஏதாவது தைலம் போடறீங்களா?" என்று கேட்டாள்.

"எதுவும் கேக்கல. உங்க ஊர் மீன் எண்ணெய் போட்டாத்தான் கேக்குமோ என்னமோ."

திரும்பி வரும்போது வெர்லீன் ரேடியோ போடவில்லை. அவளுக்குச் சபையில் பிரசங்கம் கேட்டுப் பழக்கம். குரல் ஏறி இறங்கி, கை நடுங்கி, கேட்பவர்களை அழ வைத்துப் பேசுகிறவர்களைத்தான் நல்ல பேச்சாளர் என்று நினைத்திருந்தாள். இந்தம்மா குரலையே உயர்த்தவில்லை. தனக்குப் பிடிக்காத கேள்விக்கு, கேட்டவுடன், சுற்றி வளைக்காமல் இல்லை என்று சொன்னார். தம்பி சிறையில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்யச் சொல்லியிருக்கிறான். இருபத்திரண்டு வருஷம் தலைமேல் தொங்கும்போது. தனக்கு அந்த நெஞ்சு இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தாள். இருந்திருக்காது என்று தெரிந்தது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் டேட்டன் தாண்டும்போது, ரோஸ்கோவை நினைத்துப் பெருமையாக இருந்தது. இந்த வழக்கு ஆரம்பித்த பிறகு அது முதல்முறை.

குளிர்காலம் முடிந்து ஏரியில் ஐஸ் உடைந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை பிற்பகல் ஹாலரன் கூப்பிட்டார். வெர்லீன் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தீர்ப்பு வந்திருச்சு. உக்காந்திருக்கீங்களா?"

"சொல்லுங்க."

"சதி ரெண்டும் ரத்து. சாட்சியமே போதாதுன்னுட்டாங்க, அதனால மறு விசாரணையும் கெடையாது. போன் குற்றம் நிக்குது. அதுக்கு அதிகபட்சம் நாலு வருஷம். அவன் உள்ள இருக்கறது அதுக்கும் மேல. காகித வேலை முடிய ஒரு மூணு வாரம் ஆகும். அப்புறம் வீட்டுக்கு வந்திருவான்."

வெர்லீன் மடித்த துணியை மறுபடி பிரித்தாள். பிறகு மடித்தாள்.

"குவின்டன்?"

"அவன் தண்டனை அப்படியே நிக்குது."

சித்தியின் முகம் அவள் கண்ணில் வந்தது. "சரி," என்றாள்.

"எழுதினது அந்தப் பென்சில் அம்மாதான். ஒரு இடத்துல என்னைப் பத்தி ஒரு வரி இருக்கு. படிக்கட்டுமா? 'செவ்வாய்க்கிழமை அழைப்பு எதைப் பற்றியது என்பதை வக்கீல் நேர்மையோடு ஒப்புக்கொண்டார். மற்ற அழைப்புகளைப் புரிந்துகொள்ள இது எங்களுக்கு உதவியது.' முப்பது வருஷமா வாதாடறேன், என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை எழுதினது இதுதான்."

"அந்த வரியை எனக்கு அனுப்புங்க," என்றாள் வெர்லீன். "ஃப்ரிட்ஜ் மேல ஒட்டணும். அது என் தம்பியைப் பத்தின வரி, வக்கீலம்மா. உங்களைப் பத்தின்னு நெனச்சுக்காதீங்க."

"ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

"சரி, பாதி."

மறுநாள் காலை வெள்ளிக்கிழமை. வெர்லீன் கடைக்குப் போய் பெர்ச் மீன் வாங்கி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ஒன்பது மணிக்கு முதல் போன் வந்தது. எட்டு தட்டு கேட்டார்கள், ஆறு மீன், ரெண்டு கோழி.